சேதிப்பாறையில் ஒரு கோணல் கல்

இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. விடுதியில் என் அறையில் இருக்கும் ஜெசிந்தா ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். கணினியைத் திறந்ததும் திரையில் சின்னச் சின்னப் படங்களும் பட்டியல்களும் தெரிகின்றன அல்லவா? அவற்றை யாரும் விலையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று சிலர் சேர்ந்து செய்து வைத்திருக்கிறார்களாம். அந்த வேலைக்கு இப்போது ஆள் இல்லை. கைகொடுக்க யாராவது வருவார்களா என்று கேட்கத்தான் அந்தக் கூட்டம். கேட்க வந்த அண்ணன் கணினியைப் பற்றி அதிகம் பேசாமல் இந்தக் கதையைச் சொன்னாராம். ஜெசிந்தா சொன்னதில் நான் எதையும் கூட்டவில்லை. ஏதாவது விட்டுப்போயிருந்தால் அது என் மறதி.

ஒரு காட்டில், நட்டநடுவே, தட்டையான பாறை ஒன்று இருந்தது. அதற்குச் சேதிப்பாறை என்று பெயர்.

பாறையின் கிழக்கு ஓரம் கிழக்குக் காட்டைக் குறிக்கும். மேற்கு ஓரம் மேற்குக் காட்டைக் குறிக்கும். ஒரு ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல் இருந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறது. பச்சை இலை இருந்தால் அங்கே இரை இருக்கிறது. முள் இருந்தால் அந்தப் பக்கம் சிறுத்தை படுத்திருக்கிறது, போகாதே.

காலையில் விலங்குகள் பாறையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பும். பார்க்க யாரும் எதுவும் தர வேண்டாம். யார் வேண்டுமானாலும் கல்லை நகர்த்தலாம். ஒரே ஒரு வழக்கம்தான் உண்டு. கண்ணால் பார்த்தவர்தான் கல்லைத் தொட வேண்டும்.

முதலில் ஒன்பது பேர் அந்த வேலையைப் பார்த்தார்கள். யானைகள் வேறு காட்டுக்குப் போயின. கரடிக்குக் கண் மங்கியது. இருவாச்சிப் பறவை குஞ்சு பொரித்துக் கூட்டோடு இருந்துவிட்டது. நீர்நாய் "அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிப் போனது, வரவில்லை. இப்படி ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் கீரி மட்டும் மிஞ்சியது.

கீரி எதையும் சரியாகச் செய்யும். விடியும் முன்பே எழுந்து, தண்ணீரும் இரையும் இருக்கக்கூடிய எட்டு இடங்களுக்கும் ஓடும். குட்டையை எட்டிப் பார்க்கும், மரத்தடியை முகர்ந்து பார்க்கும், ஓடிவந்து கல்லை வைக்கும். கல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அதற்குப் பொறுக்காது. மறுபடி நேராக்கும். மூன்று கோடைகளாக இதே ஓட்டம்.

காட்டுப்பன்றிக்கு எதிலும் குறை சொல்லத்தான் தெரியும். ஐந்து குட்டிகளையும் பின்னால் நடத்திக்கொண்டு அது தினமும் பாறைக்கு வரும்.

"என்ன கீரி, இலை வாடிக் கிடக்கு? நேத்து வெச்சதா?"

"ஆமாக்கா. இன்னிக்கு மாத்திடறேன்."

"அந்த மலைக்கு அப்பால ஒரு காடு இருக்காம். அங்கே பாறை பளபளன்னு இருக்குமாம். நம்ம பாறையைப் பாரு, அழுது வடியுது."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு கீரி அடுத்த குட்டைக்கு ஓடியது. பதில் சொல்ல நின்றால் வெயில் ஏறிவிடும்.

அந்தக் கோடையில் வெயில் கடுமையாக இருந்தது. குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றின. காலையில் இருந்த தண்ணீர் மாலையில் இல்லை. எட்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்து முடிப்பதே கீரிக்குப் பெரும்பாடாக இருந்தது. அது விலங்குகளை எல்லாம் பாறையடிக்குக் கூப்பிட்டது.

"எனக்கு ஆள் வேணும். நான் ஒருத்தியா ஓடி மாளல. இப்படியே போனா ஒருநாள் பாறை தப்பாச் சொல்லும். யாராவது கூட வாங்க" என்றது.

கூட்டத்தில் எல்லோருக்கும் மனம் இளகியது.

"கீரி இல்லேன்னா நாம ஏது!" என்றது மயில்.

"அதானே! பாவம், இளைச்சுத் துரும்பாயிட்டா" என்றது குரங்கு. வாக்குக் கொடுப்பதில் குரங்கை யாரும் மிஞ்ச முடியாது. அது கிளையிலிருந்து குதித்து மார்பில் தட்டிக்கொண்டது. "மேற்குப் பக்கத்தை என்கிட்ட விட்டுடு. நாளைக் காலையிலேருந்து நான்!"

மயிலுக்கு அழகுதான் உயிர். அது தோகையை ஒருமுறை சிலிர்த்தது. "பாறையைப் பார்க்கவே சகிக்கல. அதை நான் கவனிச்சுக்கறேன்."

"ஆள் சேர்க்கிறது நல்லதுதான்" என்றது காட்டுப்பன்றி. "சீக்கிரம் யாரையாவது சேர்த்துக்கோ." சொல்லிவிட்டுக் குட்டிகளோடு கிளம்பியது.

புள்ளிமான் மட்டும் ஓரமாக நின்றது. அது பயந்த சுபாவம். முன்பு ஒருநாள் வடக்கே தண்ணீர் பார்த்துவிட்டு வந்து, மூக்கால் ஒரு கூழாங்கல்லை மெல்லத் தள்ளி வைத்தது. கல் ஓரத்தில் நிற்காமல் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. கீரி ஓடிவந்து அதை இழுத்து நேராக வைத்தது.

"இப்படி வைக்கக் கூடாது. நீ விடு, நானே பார்த்துக்கறேன்" என்றது.

கீரி கோபமாகச் சொல்லவில்லை. அவசரத்தில் சொன்னது. ஆனால் மான் அதற்குப் பிறகு பாறையைத் தொடவில்லை.

மறுநாள் காலை குரங்கு வரவில்லை. ஆலமரத்தில் பழம் பழுத்திருந்தது.

மயில் வந்தது. அலகு நிறையக் குன்றிமணி கொண்டுவந்து பாறை முழுக்கப் பரப்பியது. சிவப்பும் கறுப்புமாகப் பாறை மின்னியது. "அடடா!" என்று எல்லோரும் மயிலைச் சூழ்ந்துகொண்டு புகழ்ந்தார்கள். மூன்று கோடைகளில் கீரியை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. வெள்ளைக் கல் எங்கே, இலை எங்கே என்று குன்றிமணிக்கு நடுவே தேட வேண்டியிருந்தது. கீரி குன்றிமணிகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஓடியது.

ஓடும்போது அதன் முன்னங்காலில் கருவேல முள் ஏறியது.

முள்ளைப் பல்லால் பிடுங்கிப் போட்டது. ஆனால் மாலைக்குள் கால் வீங்கிவிட்டது. ஏழு இடங்களைப் பார்த்தாகிவிட்டது. மேற்குக் குட்டை மட்டும் பாக்கி. அது எல்லாவற்றையும்விடத் தொலைவு. கீரி நொண்டிக்கொண்டே ஆலமரத்தடிக்கு வந்தது.

"குரங்கண்ணே, மேற்குக் குட்டையில தண்ணி இருக்கா?"

"இருக்கும், இருக்கும்" என்றது குரங்கு, பழத்தை மென்றபடி.

"பார்த்தீங்களா?"

"பெரிய குட்டை. அதுல தண்ணி எங்கே போயிடும்?"

கீரி மேற்கே பார்த்தது. பிறகு தன் காலைப் பார்த்தது. பாறையின் மேற்கு ஓரத்தில் பழைய வெள்ளைக் கல் அப்படியே இருந்தது. அதை எடுக்காமல் கீரி போய்ப் படுத்துக்கொண்டது. பார்க்காத கல்லை அது விட்டு வைத்தது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் கீரியால் எழுந்திருக்க முடிந்தது. நொண்டிக்கொண்டு பாறைக்கு வந்தால், அங்கே புள்ளிமான் நின்றுகொண்டிருந்தது. மேற்கு ஓரத்துக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பார்க்கிற?"

"ஒண்ணுமில்லக்கா."

"சும்மா சொல்லு."

மான் தலையைக் குனிந்துகொண்டது. "மேற்குக் குட்டை வத்திப் போச்சு. முந்தாநாள் பார்த்தேன். வெறும் சேறுதான் வெடிச்சுக் கிடக்கு."

"பார்த்தியா? உன் கண்ணால பார்த்தியா? அப்போ கல்லை எடுக்க வேண்டியதுதானே?"

"நீங்கதானேக்கா சொன்னீங்க, நான் வெச்சா சரியா வராதுன்னு."

தான் அப்படிச் சொன்னது கீரிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"காலையில மேற்கே யாராவது போனாங்களா?"

"பன்றியக்கா போனாங்க. அஞ்சு குட்டியையும் கூட்டிட்டு."

மேற்கே போகும் வழியில் நிழல் கிடையாது. குட்டிகள் தாகத்தோடுதான் கிளம்பியிருக்கும். அங்கே போய்ச் சேறுதான் இருக்கிறது என்று பார்த்தால், திரும்பி வர அவற்றுக்குத் தெம்பு இருக்காது. கீரி இரண்டு அடி எடுத்து வைத்தது. கால் மடங்கியது.

"நீதான் ஓடணும்" என்றது மானிடம். "இப்போ பக்கத்துல வேற எங்கேயாவது தண்ணி இருக்கா? உனக்குத் தெரியுமா?"

"வடக்கே பாறைச் சந்துல இருக்கு. இன்னிக்குக் காலையில குடிச்சேன். ஆனா, அக்கா, வழியில சிறுத்தை இருந்தா?"

கீரி அண்ணாந்து ஆலமரத்தைப் பார்த்தது. "குரங்கண்ணே! மேற்குப் பக்கம் பார்த்துக்கறேன்னு சொன்னீங்களே!"

"இதோ கிளம்பிட்டேன், இந்த ஒரு கிளை முடிஞ்சதும்" என்றது குரங்கு.

"நீங்க எங்கேயும் போக வேணாம். அந்த உச்சிக் கிளையிலேயே உட்காருங்க. சாப்பிட்டுக்கிட்டே இருங்க. சிறுத்தை தலை தெரிஞ்சா மட்டும் கத்துங்க."

"கத்தணுமா? அவ்வளவுதானா? பொறந்ததிலேருந்து நான் அதைத்தானே செய்யறேன்!" குரங்கு ஒரே தாவலில் உச்சிக்கு ஏறியது.

மான் ஓடியது. கீரி பாறையடியில் உட்கார்ந்து காத்திருந்தது. அதற்கு வேறு எதுவும் செய்ய முடியவில்லை. மரத்திலிருந்து ஒருமுறை குரங்கின் கூச்சல் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்தபோது வடக்கிலிருந்து அவை வந்தன. முன்னால், குரங்கின் கூச்சல் கேட்டுச் சுற்றுவழியாக வந்த மான். பின்னால் நான்கு குட்டிகள். அவற்றின் மூக்கு ஈரமாக இருந்தது. ஐந்தாவது குட்டியைப் பன்றி வாயில் கவ்வித் தூக்கி வந்தது. அதைப் பாறை நிழலில் கிடத்தியது. அது மூச்சு விட்டது, ஆனால் கண் திறக்கவில்லை.

"பொய்க் கல்லை வெச்சது யாரு?" என்று பன்றி உறுமியது.

"நான்தான்" என்றது கீரி. "பார்க்காம விட்டுட்டேன்."

பன்றி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தது. கீரியின் வீங்கிய கால் கண்ணில் பட்டது. நிறுத்திக்கொண்டது.

"எட்டு இடத்தையும் நீ ஒருத்தியா பார்க்கிற?"

"மூணு கோடையா."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனேக்கா. கூட்டம் போட்டுச் சொன்னேன். நீங்களும் இருந்தீங்க."

பன்றி குட்டியின் முதுகை நக்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தது. "நீ எல்லார்கிட்டயும்தானே சொன்ன. என்கிட்டச் சொல்லலையே."

கீரிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. ஆனால் பன்றி சொன்னதை அது மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது.

பொழுது இறங்கும் நேரத்தில் குட்டி கண் திறந்தது. தாயின் மடியைத் தேடியது.

"சரி, இப்போ உங்ககிட்டச் சொல்றேன்" என்றது கீரி. "நீங்க தினமும் கிழக்கே கிழங்கு தோண்டப் போறீங்க. வழியில ஓடை இருக்கு, ஒருநாள் ஓடும், ஒருநாள் வத்திக் கிடக்கும். திரும்பி வரும்போது தண்ணி இருந்தா ஒரு கல்லை வைங்க. இல்லேன்னா எடுத்துடுங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"இதுக்கா இவ்வளவு பெரிய கூட்டம் போட்ட?" என்றது பன்றி.

கீரி மயிலிடம் போனது. "வெள்ளைக் கல்லெல்லாம் மங்கிப் போச்சு. நல்ல வெள்ளையா நாலு கல் பொறுக்கித் தருவியா? உன் கண்ணுக்குத்தான் அது கிடைக்கும்." மயில் அன்றைக்கே ஆறு கற்கள் கொண்டுவந்தது. கீரி குரங்கிடம் முள்ளை மட்டும் கொடுத்தது. மானிடம் வடக்கு ஓரத்தைக் காட்டியது. "இது உன்னோடது" என்றது. வேறு சிலரிடமும் இப்படியே ஒவ்வொருவராகப் போய் ஒவ்வொரு இடத்தைப் பார்க்கச் சொன்னது.

மறுநாள் பன்றி கிழக்கிலிருந்து திரும்பி வந்தது. மூக்கெல்லாம் மண். அந்த மூக்காலேயே ஒரு கூழாங்கல்லை உருட்டிப் பாறையில் ஏற்றியது. கல் மண் அப்பி, ஓரத்தைவிட்டு ஒரு சாண் தள்ளி, கோணலாக நின்றது.

கீரியின் கால் தானாகக் கல்லை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. கீரி காலை இழுத்துக்கொண்டு, அதைத் தன் வயிற்றுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டது.

"சரியா இருக்கா?" என்று கேட்டது பன்றி.

"கிழக்கே தண்ணி இருக்குன்னு தெரியுது" என்றது கீரி.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. குரங்கு பாதி நாள் முள்ளை வைக்க மறந்தது. எட்டு இடங்களில் மூன்றுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அந்த மூன்றுக்கும் கீரிதான் நொண்டிக்கொண்டே போய்வந்தது. ஆனால் எட்டுக்குப் போகவில்லை.

ஜெசிந்தா சொன்ன கதை இவ்வளவுதான். கூட்டத்தில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள் என்றாள். அந்த அண்ணன் அதன் பிறகு "யார் வருகிறீர்கள்?" என்று கேட்கவில்லையாம். இவளிடம் வந்து, ஒரு பட்டியலில் ஒரு சொல் பிழையாக இருக்கிறது, அதை மட்டும் திருத்தித் தருவாயா என்று கேட்டாராம். அவள் சொன்னது உண்மைதானா என்று நான் பிறகு அந்த மென்பொருளின் இணையப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். வேலை செய்தவர்களின் பெயர்கள் அங்கே ஆண்டுவாரியாக இருக்கின்றன. போன ஆண்டு ஒரே ஒரு பெயர். இந்த ஆண்டு நான்கு. நான்காவது ஜெசிந்தா. அவள் திருத்தியது ஒரு சொல்.

நீதி: எல்லோரிடமும் பொதுவாகக் கேட்ட உதவியை யாரும் தன்னிடம் கேட்டதாக நினைப்பதில்லை, ஒருவரிடம் அவரால் முடிந்த ஒரு சிறு வேலையைக் கேள், அவர் செய்தது கோணலாக இருந்தாலும் இருக்க விடு.