ராஜரதத்தின் பதினோரு பழுது

வேங்கைப்பட்டணத்து ராஜா கோதண்டபூபதிக்கு உடம்பு கொஞ்சம் கனம். எவ்வளவு கனம் என்று கேட்காதீர்கள். பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரும் ஒரே நாளில் வேலையை விட்டுப் போனார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அதிலிருந்து அவர் எங்கே போனாலும் ரதம்தான்.

அந்த ரதத்தில் ஒருநாள் ‘கடகட’வென்று சத்தம் கேட்டது. பெருந்தச்சன் தாண்டவனைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் கண்ணால் பழுது பார்ப்பார்கள். தாண்டவன் காதால் பார்ப்பான். குனிந்து அடியில் எட்டிப் பார்ப்பதெல்லாம் தன் கௌரவத்துக்குக் குறைவு என்பது அவன் எண்ணம். ரதத்தை நான்கு அடி நகர்த்தச் சொல்லி, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தான். உச்சுக் கொட்டினான்.

“பதினோரு பழுது மகாராசா. அச்சு, ஆரக்கால், அடிப்பலகை, கலசம் எல்லாத்தையும் மாத்தணும். நாப்பது நாள் ஆகும்.”

ராஜாவுக்குத் தலை சுற்றியது. வெள்ளிக்கிழமை மகள் செங்கமலத்துக்கு வளைகாப்பு. அவள் ஊர் இரண்டு காதத் தூரம். ‘அப்பா வந்தால்தான் வளையலுக்குக் கை நீட்டுவேன்’ என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அந்த ஊரில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. பூசை போட்ட ராஜரதத்தைப் பெருந்தச்சனைத் தவிர வேறு யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது. ரதத்திலிருந்து எதைக் கழற்றினாலும் அது தச்சனுக்கே சொந்தம். இதனால் தாண்டவன் வீட்டில் மாட்டுத்தொட்டிக்குக்கூட ராஜமுத்திரை இருந்தது.

ராஜா விகடகவி பிச்சாண்டியைப் பார்த்தார். பிச்சாண்டி ஒல்லி. பலமாகக் காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொள்கிற ஆள்.

“நாளைச் சாயங்காலத்துக்குள்ள இந்தப் பழுதெல்லாம் நிஜமா, புளுகான்னு நீ சொல்லணும். ரதத்தைத் தொடக் கூடாது. சொல்லலேன்னா வெள்ளிக்கிழமை என் பல்லக்கோட முன்தண்டு உன் தோள்லதான்!”

பிச்சாண்டிக்கு அப்போதே தோள் வலித்தது. வீட்டுக்குப் போய் நெடுநேரம் யோசித்தான். ரதத்தைத்தானே தொடக் கூடாது? தச்சனின் காதைச் சோதிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

மறுநாள் மதியம் ராஜாவைத் தன் வீட்டு விருந்துக்கு அழைத்தான். இலையில் வடையைப் பார்த்ததும் ராஜாவின் கண் கலங்கியே போனது.

“வைத்தியர் எண்ணெய்ப் பலகாரமே கூடாதுன்னுட்டார்யா. மகாராணி கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காவல் காக்கிறா. நீதான்யா மனுஷன்!”

பதினெட்டு வடை உள்ளே போயிற்று. பாயசம் தனி. கூடத்தில் திரை கட்டி, அதன் பின்னால் கட்டில் போட்டிருந்தான் பிச்சாண்டி. ராஜா சாய்ந்தார். அடுத்த நிமிடமே குறட்டை. வீட்டு ஓடு அதிர்ந்தது.

உடனே தாண்டவனுக்கு ஆள் போயிற்று.

“தாண்டவரே, திரைக்குப் பின்னால ஒண்ணு நிக்குது. மூடி வச்சிருக்கு, பார்க்க முடியாது. உம்ம காதுக்குத்தான் கண்ணே தேவையில்லையே. என்ன பழுதுன்னு சொல்லும்.”

தாண்டவன் கண்ணை மூடினான். திரைக்குப் பின்னால் ‘கர்ர்ர்ர்... புஸ்ஸ்...’

“அடடா! எத்தனை வருஷமா ஓடுது?”

“அம்பத்திரண்டு.”

“யாரு ஓட்டுறா?”

“மகாராணிதான்.”

“அதான் இந்தக் கதி!” என்று உச்சுக் கொட்டினான் தாண்டவன். “அச்சு இத்துப்போச்சு. அடிப்பாகம் அகண்டுபோச்சு, இனிமே எந்தச் சாலையிலயும் அடங்காது. நடுவுல ஏதோ புளிச்சுப்போய்க் காத்து கசியுது. பதினோரு பழுது!”

குறட்டை சட்டென்று நின்றது.

“மேல்பாகம் எப்படி?” என்றான் பிச்சாண்டி.

“கலசமா? அது வெறும் கனம். உள்ளே ஒண்ணுமே இல்லை, சத்தத்துலயே தெரியுது. வெட்டி எடுத்துட்டு வேற வைக்கணும்.”

திரை விலகியது. கலைந்த தலையும் பாயசம் ஒட்டிய மீசையுமாக ராஜா நின்றார்.

“தச்சரே, கழட்டினது எல்லாம் உமக்குத்தானே? என் தலையைக் கொண்டுபோய் எங்கே மாட்டுறதா உத்தேசம்?”

தாண்டவன் ராஜாவின் காலில் விழுந்தான். பதினோரு பழுதும் புளுகு என்பதைப் பிச்சாண்டி வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் ஆசையோடு தன் தோளைத் தடவிக்கொண்டான்.

“அப்போ அந்தக் கடகட சத்தம்?” என்றார் ராஜா.

“தச்சர் இன்னைக்கு ஒருநாள் கண்ணால பார்க்கட்டுமே அரசே.”

எல்லோரும் ரதக்கொட்டகைக்குப் போனார்கள். வளைகாப்புப் பயணம் என்னவாயிற்று என்று கேட்க மகாராணியும் வந்து சேர்ந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தாண்டவன் குனிந்தான். இருக்கைக்கு அடியில் கைவிட்டான். ‘கடகட’. வெளியே வந்தது ஒரு பித்தளைத் தூக்கு. அதில் பாதி அளவுக்குச் சீடை.

போன மாதம் ஒளித்து வைத்துவிட்டு ராஜா அடியோடு மறந்துபோன சீடை!

“இது யாரோடது?” என்றாள் மகாராணி.

“வழக்கத்தை மீறலாமா?” என்றார் ராஜா அவசரமாக. “ரதத்துலேர்ந்து எதைக் கழட்டினாலும் தச்சருக்குத்தான். இது அவரோடது! எடுத்துக்கிட்டு ஓடும்யா!”

தாண்டவன் தூக்கோடு ஓடினான். அன்றோடு அந்த வழக்கத்தையே ராஜா எடுத்துவிட்டார். பிச்சாண்டிக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை விடியலில் ரதம் சத்தமில்லாமல் கிளம்பியது. ராஜாவுக்குப் பக்கத்தில் மகாராணி கண்ணயர்ந்திருந்தாள். முன்னால் சாரதியோடு உட்கார்ந்திருந்த பிச்சாண்டி, திரும்பிப் பார்த்து ஒரு துணிமுடிச்சை மெல்ல நீட்டினான்.

“தச்சர்கிட்டக் கெஞ்சிப் பாதி வாங்கிட்டேன். உருண்டாலும் சத்தம் வராது, துணி.”

ராஜா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். ‘கடுக்!’

“மறுபடியும் ரதத்துல சத்தமா?” என்றாள் மகாராணி, கண்ணைத் திறக்காமலே.

ராஜாவின் வாய் நிறையச் சீடை. பிச்சாண்டிதான் பதில் சொன்னான்.

“ஆமாம் தாயே, பன்னிரண்டாவது பழுது. இதை எந்தத் தச்சனாலயும் சரிபண்ண முடியாது.”

ராஜா சிரித்த சிரிப்பில் சீடைத் தூள் சாரதியின் பிடரியில் தெறித்தது.