பதினேழு யானையும் ஒரு குக்கரும்

சௌந்தரபாண்டி மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவன். ஒரு சேலை கேட்டு வந்தவர்களுக்கு ஒன்பது சேலையை விரித்துக் காட்டிப் பழகிய கை. வாயும் அப்படித்தான். மனைவி வனஜாவோடு மேகமலைக்குப் போய், கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கி, காட்டுக்குள் நடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னமனூரில் மாமனார் வீட்டில் வந்து இறங்கியிருந்தான். இலையில் எலும்புக் குழம்பை ஊற்றிப் பிசைவதற்குள் கதை மலை ஏறிவிட்டது.

வனஜாவுக்கு அவன் அளப்பது புதிதில்லை. வேறு நாளாக இருந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்திருப்பாள். இன்றைக்கு மட்டும் அவன் ஜெயிக்கவேண்டும் என்றிருந்தது. காரணம், எதிர் இலையில் உட்கார்ந்திருந்த அக்கா விசாலத்தின் புருஷன் தனுஷ்கோடி. இவர்கள் கல்யாண ஊர்வலத்தில் சாரட்டுக் குதிரை தும்மியதற்குப் பயந்து மாப்பிள்ளை இறங்கி நடந்துவிட்டார் என்ற கதையை, எட்டு வருஷமாக எந்த விசேஷத்திலும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். நடந்தது என்னவோ உண்மைதான். ஆனாலும் பிறந்த வீட்டில் அந்தக் குதிரை செத்துத் தொலைந்தால்தான் அவளுக்கு நிம்மதி.

"ஏத்தம்னா ஏத்தம், அப்பிடி ஒரு ஏத்தம் சகலை. நடக்கையில முட்டி வந்து மூக்குல இடிக்குது" என்று ஆரம்பித்தான் சௌந்தரபாண்டி. வழிகாட்ட வந்த ஆள் பாதியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டானாம். இவன் முதலில் அந்த ஆளின் பையை வாங்கிக்கொண்டானாம், கொஞ்ச தூரம் போனதும் ஆளையே தூக்கிக்கொண்டானாம். அப்படியானால் வழி காட்டியது யார் என்று தனுஷ்கோடி கேட்டார். முதுகில் இருந்தபடியே அவன் கையை நீட்டிக் காட்டினான் என்று பதில் வந்தது.

அடுத்தது குளிர். பிளாஸ்கைச் சாய்த்தால் டீ டம்ளரில் விழாமல் கயிறு மாதிரி தொங்கியதாம், ஆளுக்கு ஒரு முழம் ஒடித்துக் கடித்துத் தின்றார்களாம். அதற்கப்புறம் அட்டை. ஒவ்வொரு அட்டையும் வெள்ளரிப்பிஞ்சு பருமன் என்றான். மற்றவர்கள் உப்பையும் மூக்குப்பொடியையும் தேடி ஓட, இவன் பேசாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தானாம்.

"எனக்குத்தான் சுகர் இருக்குல்ல. கடிச்ச அட்டை பூராவும் தல சுத்தி விழுந்துருச்சு. ரெண்டு அட்டை தண்ணி தண்ணின்னு ஓடைப் பக்கம் போனத நானே பாத்தேன்."

மாமனாருக்குச் சிரிப்பில் புரையேறியது. தனுஷ்கோடியும் குதிரையை மறந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். வனஜாவுக்கு மனசு நிறைந்து, புருஷன் இலையில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அந்த நேரம் பார்த்து அவன் ஓடைக்கு வந்தான். இடுப்பளவு வெள்ளமாம். வனஜா கரையில் உட்கார்ந்து, ஐயோ அம்மா என்று அழுதாளாம். இவன் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் அக்கரை சேர்த்தானாம். ஓடையில் இருந்தது கணுக்கால் தண்ணீர். செருப்பு நனையும் என்று நின்றவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போனவள் அவள். வனஜா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். சுறுக்கென்று கோபம் வந்தது. ஆளை ஜெயிக்க வைக்கலாம் என்று பார்த்தால், இவன் என்னை அழவைத்தல்லவா ஜெயிக்கப் பார்க்கிறான்.

அவன் எங்கே கவனித்தான், யானைக்குப் போய்விட்டான்.

"சாயங்காலம் சோறு வைக்கிறோம். பாத்தா பதினேழு யானை வளைச்சு நிக்குது. நான் அசையலையே. அடுப்பைத் தூண்டி விட்டேன். உங்க வீட்டுல வாங்கிட்டுப் போன குக்கர் மொத விசில் அடிச்சுச்சு, யானை பூராவும் நின்னுருச்சு. ரெண்டாவது விசிலுக்குத் திரும்புச்சு. மூணாவது விசிலுக்கு எடுத்த ஓட்டம், கேரளாவுலதான் போய் நின்னுச்சாம். உங்க யானை இங்க வந்துருக்குன்னு அங்கேருந்து போன் வந்துச்சு மாமா."

வந்தது எஸ்டேட் மாடு ஒன்று. அது சோற்றில் வாய் வைத்தபோது, சௌந்தரபாண்டி கூடாரத்து ஜிப்பை உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போயிருச்சா போயிருச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தான். வனஜா 'ஹை' என்றாள், அது போய்விட்டது. சோற்றை அவள் எப்படிப் பொங்கினாள் என்பதே அவனுக்குத் தெரியாது. வெளியே வந்தால்தானே.

விசாலம் எழுந்து அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்து ஒரு சாமானை அவன் இலை ஓரத்தில் வைத்தாள். குக்கரின் வெயிட்டு.

"நேத்து குக்கரை வாங்கிட்டுப் போனீங்க, சரி தம்பி. வெயிட்டு இங்கதான் பாத்திரக் கூடையில கெடந்துச்சு. அங்க எதுங்க விசிலடிச்சது?"

தனுஷ்கோடியின் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. குதிரை இனிமேல் எதற்கு, குக்கரே போதும் என்று அவர் நினைத்தது எல்லோருக்கும் தெரிந்தது. சௌந்தரபாண்டி வனஜாவைப் பார்த்தான். நேற்று ஜிப் இடுக்கு வழியாகப் பார்த்த அதே பார்வை. அவளுக்குக் கோபம் கோபமாகத்தான் இருந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. இவரை நான் திட்டலாம், அத்தான் சிரிக்கக்கூடாது என்று தோன்றியது.

"வெயிட்டு இல்லைங்கிறது உண்மைதான் அத்தான்" என்றாள் நிதானமாக. "விசிலடிச்சது நானு."

தனுஷ்கோடி சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்.

"என்னையத் தோள்ல சுமந்தாருல்ல, அதுல மேலு வலி. கூடாரத்துக்குள்ள போர்வைய இழுத்து மூடிப் படுத்துட்டாரு. நான் ரெண்டு விரலை வாயில வச்சு ஒரே ஒரு விசில் விட்டேன். பதினாறு யானை ஓடிருச்சு."

"மிச்சம் ஒண்ணு?"

"அது மட்டும் போகல. தும்பிக்கையால ஜிப்பைத் தொறந்து உள்ள எட்டிப் பாத்துச்சு. இவரு நடுங்குறதப் பாத்துட்டு, ஐயோ பாவம்னு திரும்ப மூடிட்டு, விடியிற வரைக்கும் வாசல்ல காவல் நின்னுச்சு."

மாமனார் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். விசாலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தனுஷ்கோடி யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று புரியாமல், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சௌந்தரபாண்டி வெயிட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ரசத்துக்குக் குழி பறித்தான்.

"பாத்தீங்களா சகலை," என்றான். "பதினேழுன்னு நான் சொன்ன கணக்கு சரியாப் போச்சா?"