பெரிய ராணிக்கு வாய்க்கரிசி

வெகு காலத்துக்கு முன்னே செங்காட்டு நாட்டைக் கீர்த்திவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். காலையில் தோட்டம் போடச் சொல்வான், செடி முளைப்பதற்குள் அதே இடத்தில் குளம் வெட்டச் சொல்வான். அவனோடு மல்லுக்கட்டியே மந்திரி நல்லபெருமாளுக்குத் தலை நரைத்துப்போயிற்று.

அந்த ராஜாவைப் பெற்றவள் பெரிய ராணி வடிவுடைநாச்சி. பாவம், வயதாக ஆக அவளுக்கு நினைவு மங்கிக்கொண்டே வந்தது. முதலில் பேர் மறந்தது, அப்புறம் முகம் மறந்தது. ஒருநாள் சபை கூடியிருக்கும்போது தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவள், சிங்காசனத்தில் இருந்த மகனை ஏற இறங்கப் பார்த்து, "யாரப்பா நீ? இது எங்க வீட்டுக்காரர் உட்காருகிற இடமாச்சே!" என்று கேட்டுவிட்டாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அவமானம் பாதி, பெற்றவளுக்கே தன்னைத் தெரியவில்லையே என்கிற வேதனை பாதி. தாதி அவளை அழைத்துப் போனதும், "உடம்பு இருக்கிறது, மனசு போய்விட்டது. இது என் தாயா, இல்லையா? படித்தவர்கள் சொல்லுங்கள்!" என்று கத்தினான்.

தருக்கச் சிங்கம் என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்ட நாகபூஷணர் எழுந்தார். மந்திரியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதோடு பெரிய ராணியின் மாளிகை மேல் வெகுநாளாக ஒரு கண், அதைத் தம் பாடசாலை ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று.

"மகாராஜா, உடம்பையும் ஆத்மாவையும் சேர்த்துக் கட்டியிருக்கிற கயிறுதான் மனம். கயிறு அறுந்தால் ஆத்மா நிற்குமா? தாயார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கே நடமாடுவது வெறும் கூடு. ஈமச்சடங்கை முடித்துவிட்டு, கூட்டை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு குடிசையில் விட்டுவிடலாம்."

மந்திரிக்குச் சுர்ரென்று வந்தது. "என்ன பேச்சு ஐயா இது! தூங்கும்போது உமக்கும்தான் நினைவில்லை. அந்த நேரம் பார்த்துக் கொள்ளி வைத்துவிடலாமா?"

"தூங்குகிறவன் விழித்துக்கொள்வான், மந்திரியாரே. இவர் விழிப்பாரா? நாளைக்கே மகனைத் தெரிந்துவிடும் என்று நீர் வாக்குக் கொடுப்பீரா?"

மந்திரி எப்படிக் கொடுப்பார்? நேற்றுத்தான் அவளைப் பார்க்கப் போயிருந்தார். தன்னைக் கைதூக்கி விட்ட மகராசி, தன்னையே யாரென்று கேட்டாள். ஆனால் நேற்று நடந்தது அது மட்டுமில்லையே!

"நாளைக்கே சடங்கு!" என்றான் ராஜா.

"ஆகட்டும் மகாராஜா. ஆனால் முறையில் ஒரு குறையும் வரக்கூடாது. கொள்ளி வைக்கிற பிள்ளை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும். வாய்க்கரிசி உங்கள் கையால்தான்," என்றார் மந்திரி.

"இப்போதாவது மந்திரிக்குப் புத்தி வந்ததே!" என்று நாகபூஷணர் சிரித்தார்.

மறுநாள் உச்சிவெயிலில் முற்றம் நிறைய ஜனம். பாயில் உட்கார வைத்த பெரிய ராணி கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "யாருக்குடி கல்யாணம்?" என்று தாதியைக் கேட்டாள். தாதி முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதாள்.

பட்டினி கிடந்த ராஜா உள்ளங்கையில் பச்சரிசியோடு குனிந்தான். மந்திரி பெரிய ராணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசாமல் வாயைத் திறந்துவிட்டால் எல்லாம் போச்சு.

அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பச்சரிசியை யாராவது வெறும் வாயில் போடுவாங்களா?" என்றவள், நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "அடடா, முகமெல்லாம் வாடிக் கிடக்கே! யார் பெத்த பிள்ளையோ! இன்னும் சாப்பிடலையா ராசா? அடியே, சோறு கொண்டாங்கடி!"

தயிர்ச்சோறு வந்தது. தன் கையாலேயே பிசைந்து, உருட்டி, அவன் வாயில் வைத்தாள். ராஜா விம்மி விம்மி அழுதுகொண்டே தின்றான். "மெதுவா, மெதுவா. புரை ஏறிடப் போகுது," என்று அவன் தலையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பார்த்தீர்களா! யார் பெற்ற பிள்ளை என்று கேட்கிறார். மகனைத் தெரியவில்லை. நான் ஜெயித்தேன்!" என்று குதித்தார் நாகபூஷணர்.

மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியவில்லைதான் ஐயா. முந்தாநாள் என்னையும் தெரியவில்லை. ஆனால் நான் சாப்பிடாமல் வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. உமக்கு உடம்பு, மனம், ஆத்மா மூன்றும் பத்திரமாக இருக்கிறதே, விடிந்ததிலிருந்து ராஜாவின் பக்கத்தில்தானே நிற்கிறீர்? பசிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டீரா?"

நாகபூஷணர் தலையைத் தொங்கப் போட்டார். "இப்போது சொல்லும், பண்டிதரே," என்றான் ராஜா, வாயில் சோற்றோடு. "நீர், என் தாய், இரண்டு பேரில் கூடு யார்?"

மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். நாகபூஷணருக்குத் தண்டனை, தினமும் பெரிய ராணிக்கு இலை போட்டுப் பரிமாற வேண்டும். ராஜாவும் தினமும் பசியோடு அங்கே வந்து உட்காருவான். ஆரம்பத்தில், "நான் உங்க பிள்ளைதான் அம்மா," என்று சொல்லிப் பார்த்தான். "போப்பா, என் பிள்ளை இத்தனூண்டு, அவனுக்கு ஏது மீசை?" என்று சிரித்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டான். "பக்கத்து ஊர்தான் ஆத்தா," என்று சொல்லிவிட்டு வாயைத் திறப்பான்.

அடுத்த மழைக்காலத்தில் பெரிய ராணி நிஜமாகவே கண்ணை மூடினாள். அதே முற்றம், அதே பச்சரிசி. ராஜா குனிந்து அவள் உதட்டருகே கையைக் கொண்டுபோனான். போடவில்லை. அப்படியே இருந்தான். கூட்டம் முணுமுணுத்தது, புரோகிதர் கனைத்தார். எதற்காகக் காத்திருக்கிறான் என்று மந்திரிக்குத் தெரியும்.

நாகபூஷணர்தான் முன்னே வந்தார். ராஜாவின் தோளைத் தொட்டு, மெல்லக் கேட்டார். "மகாராஜா, காலையிலிருந்து நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லையே."

ராஜா அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதான். அப்புறம்தான் கையைத் திறந்து அரிசியைப் போட்டான்.