ராட்சசி புள்ளைக்கு உரம் எடுத்தவன்

ஏரி ஒண்ணு, ஏரிக்குக் கரை ஒண்ணு, கரைக்குக் கீழ ஊரு ஒண்ணு. அந்த ஊர்ல பேச்சின்னு ஒருத்தி இருந்தா. புருசன் செத்துட்டான், ஒத்தைக்கு ஒரு மகன், பேரு சங்கிலி. அவனுக்குப் பொம்மைன்னா உசுரு. மரப்பாச்சி ஒண்ணு வச்சிருந்தான். அதைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டுவான், சாம்பிராணி காட்டுவான், தோள்ல போட்டுத் தட்டித் தூங்க வைப்பான். ஏன்டா சிரிக்கிறே? சிரிக்கிற பயலுக்கு இங்க கதை கிடையாது, ஆமா.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் செல்லியும் இவனும் உரம் எடுக்கிற விளையாட்டு விளையாடினாங்க. உரம்னா தெரியுமில்ல? பச்சப்புள்ளையத் தப்பாத் தூக்கினா கழுத்துல சுளுக்குப் புடிச்சிரும், பால் குடிக்காம கத்தும். அப்போ துணியில படுக்க வச்சு, ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு, இப்படியும் அப்படியும் உருட்டி எடுப்பாங்க. அதைத்தான் பொம்மையை வச்சுச் செஞ்சாங்க. அந்த நேரம் பார்த்து நாட்டாமை வீரணன் வந்துட்டான். வந்தவன் பொம்மையைப் புடுங்கிக் கிணத்துல வீசிட்டான். வீசிட்டுப் பேச்சியைக் கூப்பிட்டான்.

"ஏ பேச்சி, ஆம்பளப் புள்ளையப் பெத்தியா, என்னத்தைப் பெத்தே? இனி இவன் கையில பொம்மையைப் பார்த்தேன், ஆத்தாளையும் மகனையும் ஊரை விட்டே தள்ளி வச்சிருவேன்."

பேச்சி என்ன செய்வா பாவம். மகனைக் கட்டிக்கிட்டு அழுதா. "வேணாம்டா எஞ்சாமி, இனிமே தொடாதடா. நமக்குப் போக்கிடம் இல்லடா"ன்னா. அவனும் சரின்னுட்டான். கிணத்தை மட்டும் எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டுக் கிடந்தான்.

அப்புறம் பொம்பளைங்க நோன்பு வந்துச்சு. ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாத நோன்பு. கிழவி, குமரி, பால்குடிப் புள்ளை வச்சிருக்கிறவ, எல்லாரும் விடியும்போதே மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க. ஊர்ல ஆம்பளைங்க மட்டுந்தான். வீரணனுக்குக் கொண்டாட்டம். சோறாக்கத்தான் ஒருத்தனுக்கும் தெரியலை.

மத்தியானம் ஏரிக்கரை மேல தொம்முன்னு ஒரு சத்தம். பார்த்தா ராட்சசி! பனைமர உசரம். இடுப்புல கன்னுக்குட்டி தண்டிக்கு ஒரு புள்ள. அது கத்துற கத்துல ஏரித் தண்ணி அலை அடிக்குது. ஆம்பளைங்க எல்லாம் விழுந்தடிச்சுப் புளியமரத்துல ஏறிட்டாங்க. மொத ஆளா ஏறினது யாருங்கிறே? நாட்டாமைதான்.

ராட்சசி சொன்னா: "எம்புள்ள பாலும் குடிக்கலை, கண்ணும் மூடலை. நீங்க மனுசங்க நண்டும் சிண்டுமா பெத்து வச்சிருக்கீங்களே, அழுகையை அமத்தத் தெரியாதா? பொழுது மலையில விழுறதுக்குள்ள அமத்திக் குடுங்க. இல்லையா, இந்தக் கரையை மிதிச்சு உடைச்சு ஊரையே தண்ணியில முக்கி, ஒவ்வொருத்தனாப் பொறுக்கித் தின்பேன்."

வீரணன் மரத்துல இருந்தபடியே ஆள் அனுப்பினான். மொதல்ல தலையாரியை அனுப்பினான். அவன் "ஏய், அடங்கு!"ன்னு ஒரு அதட்டு அதட்டினான், புள்ள வீல்லுன்னுச்சு. ராட்சசி அவனை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டா, ராத்திரிப் பசிக்கு ஆகும்னு. அப்புறம் சிலம்பக்காரனை அனுப்பினான். அவன் விர்ரு விர்ருன்னு கம்பு சுத்திக் காட்டினான், புள்ள அதுக்கு மேல வீல்லுன்னுச்சு. அவனையும் முடிஞ்சுக்கிட்டா. அப்புறம் பயில்வான் மாயாண்டியை அனுப்பினான். அவன் புள்ளையைக் கக்கத்துல குடுத்துத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினான். தலை தொங்கிப்போச்சு, புள்ளைக்கு மூச்சே அடைச்சுப்போச்சு. ராட்சசி "அடப்பாவி!"ன்னு அலறிப் புடுங்கிக்கிட்டா. மூணாவது முடிச்சும் விழுந்துச்சு.

பொழுது சாயுது. கீழ சங்கிலி நிக்கிறான், மரம் ஏற இடம் கிடைக்காம. வீரணன் அவனைப் பார்த்தான். "டேய், நீ போடா. பொம்மை வச்சு விளையாடுற பயதானே, நீ போனா ஊருக்கு என்ன நட்டம்?"

அந்த வாயி வெந்து போக! பெத்தவ வந்து கேட்டா என்ன சொல்லுவான்? எனக்கு இப்போ சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது.

சங்கிலி போனான். ராட்சசி குனிஞ்சு புள்ளையை அவன்கிட்ட நீட்டினா. புள்ளைக்குக் கழுத்துக்கடியில ஒரு கை, முதுகுக்கடியில ஒரு கை குடுத்து மெதுவாத் தொட்டுப் பார்த்தான். தலையை வலது பக்கம் திருப்பினா விசும்புது. இடது பக்கம் திருப்பினா துடிக்குது.

"ஆத்தா, புள்ளைக்கு உரம் விழுந்திருக்கு. எடுத்தா அழுகை நிக்கும்."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா என்னைத் தின்னுக்க."

"எடு."

"ஒருத்தனா முடியாது ஆத்தா. மறு பக்கம் புடிக்க ஆள் வேணும். நீ புடிச்சா துணி சரிஞ்சு புள்ள உருண்டுரும், நீ அம்புட்டு உசரம்."

மரத்தைப் பார்த்துக் கூப்பிட்டான், "ஐயா, யாராச்சும் வாங்க!" யாரும் அசையலை. ரெண்டாந்தரம் கூப்பிட்டான். ஒருத்தன் காலைக் கீழ விட்டான். வீரணன், "பொம்பள வேலைக்குக் கை வச்சா ஊரைவிட்டுத் தள்ளிருவேன்"ன்னான். அவன் காலை இழுத்துக்கிட்டான். பொழுது மலையைத் தொட்டுருச்சு. ராட்சசி ஒரு காலை எடுத்துக் கரை மேல ஓங்கிட்டா. மூணாந்தரம் கூப்பிட்டான் சங்கிலி, அழுதுக்கிட்டே.

முந்தானை முடிச்சுக்குள்ள இருந்து குரல் வருது: "என்னை அவுத்து விடச் சொல்லுடா. நான் புடிக்கிறேன்."

பயில்வான் மாயாண்டி! ராட்சசி அவுத்துவிட்டா. அவன் தலைப்பாகையை உருவி விரிச்சான். விரிச்சுக்கிட்டே மெதுவாச் சொன்னான், "நானும் சின்ன வயசுல ஒரு பொம்மை வச்சிருந்தேன்டா சங்கிலி. பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். எப்படிப் புடிக்கணும், சொல்லு."

"நான் தூக்கினா நீங்க தாழ்த்துங்க மாமா, நான் தாழ்த்தினா நீங்க தூக்குங்க."

ராட்சசி புள்ளையைத் துணியில படுக்க வச்சா. இப்படி உருட்டினாங்க, கத்துச்சு. அப்படி உருட்டினாங்க, கத்துச்சு. இன்னொருக்கா உருட்டினாங்க. கழுத்துல சொடுக்குன்னு ஒரு சத்தம், புள்ள கம்முன்னு ஆயிருச்சு. அசையலை. ராட்சசி வாயைப் பொளந்துக்கிட்டுக் குனியிறா. பல்லு ஒவ்வொண்ணும் உலக்கை மாதிரி. சங்கிலி கண்ணை மூடிக்கிட்டான். அப்போ...

என்னடா, போர்வையை இழுத்து மூடிக்கிறே? கேளு. அப்போ அந்தப் புள்ள "ஏவ்"னு ஒரு ஏப்பம் விட்டுச்சு. விட்டுட்டுப் பொக்கை வாயைக் காட்டிச் சிரிச்சுச்சு. சங்கிலியைப் பார்த்துத்தான் சிரிச்சுச்சு.

ராட்சசிக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது. மத்த ரெண்டு பேரையும் அவுத்துவிட்டா. "எந்தம்பி, உனக்கு என்ன வேணும் கேளு"ன்னா.

இவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள வீரணன் மரத்தை விட்டு இறங்கி, வேட்டியைத் தட்டிக்கிட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்துட்டான். "நாந்தான் இந்த ஊர் நாட்டாமை. என் உத்தரவுலதான் எல்லாம் நடந்துச்சு. குடுக்கிறதை என்கிட்டக் குடு."

ராட்சசி புள்ள அவனைப் பார்த்துச்சு. கையை நீட்டுச்சு. இடுப்போட கப்புன்னு புடிச்சுத் தூக்கி, தலைகீழா ஆட்டி, கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு. விடச் சொன்னா விடமாட்டேங்குது.

"ஐயையோ, தாயே, காப்பாத்து! என்னை எதுக்கு எடுக்குது?"

"வேற எதுக்கு, விளையாடத்தான். பொம்மைன்னு நினைச்சுக்கிச்சு"ன்னா ராட்சசி.

"இது ஆம்பளப் புள்ளையா, பொட்டப் புள்ளையா?"

"ஆம்பளப் புள்ளதான்."

"ஆம்பளப் புள்ளைக்குப் பொம்மை எதுக்குத் தாயே?"

"எம்புள்ள ஆசைப்படுது"ன்னுட்டு, புள்ளையை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு, ராட்சசி மலையேறிப் போயிட்டா. நாட்டாமை சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுச்சு, அப்புறம் கேக்கலை.

பொம்பளைங்க திரும்பி வந்தப்போ ஊரும் இருந்துச்சு, ஏரியும் இருந்துச்சு. பேச்சி மகனைத் தூக்கித் தட்டாமாலை சுத்தினா. கிணத்தடியில மாயாண்டி இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு உள்ள இறங்கிக்கிட்டு இருந்தான், எதுக்குன்னு நான் சொல்ல வேண்டாம்.

புள்ளைங்க கையில இருக்கிறதைப் புடுங்குறவன் என்னைக்கும் உருப்பட மாட்டான். அவ்வளவுதான் கதை. அவங்க ஏரிக்கரையில நல்லா இருக்காங்க, நாம பாயில நல்லா இருக்கோம். திரும்பிப் படுங்க.