ஒண்ணும் இல்லையே?

டாக்டர் இசக்கியம்மாளிடம் மாணவராகச் சேர்ந்தபோது டாக்டர் ஞானதாசுக்கு ஐம்பத்தாறு வயது. ஆசிரியை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் இவரை 'சார்' என்பார். இவர் அவரை 'மேடம்' என்பார். மற்றபடி யார் குரு, யார் சீடர் என்பதில் அந்தத் துறையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஞானதாஸ் தென்மாவட்டங்களில் பேர்போன அறுவை மருத்துவர். அவர் மனைவி எஸ்தருக்குக் காலில் ரத்தம் உறைந்து கட்டியது. மேற்கொண்டு உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். கட்டி கரைந்தது. சில மாதங்கள் கழித்து மூளைக்குள் ரத்தம் கசிந்து எஸ்தர் இறந்துபோனார். அதன்பின் ஞானதாஸ் கத்தியைத் தொடவில்லை. ரத்த உறைவைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த இசக்கியம்மாளின் அறைக்கு வந்து, "ஏதாவது வேலை கொடுங்க மேடம். கத்துக்கிடுதேன்" என்றார்.

அங்கே அப்போது ஒரு மருந்தாய்வு நடந்துகொண்டிருந்தது.

ரத்தம் உறைவதென்றால் ரத்தத்திலுள்ள 'காரணிகள்' என்ற பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட வேண்டும். பழைய மாத்திரை அந்தத் தொடரின் நடுவில் கைவைப்பது. காலில் கட்டி வராமல் தடுக்கும். கூடவே, கசியக் கூடாத இடத்தில் ரத்தம் கசியவும் விட்டுவிடும். புது மாத்திரை பதினோராம் காரணி என்ற ஒன்றை மட்டும் அடக்குவது. வெட்டுக்காயத்தை அடைப்பதற்கு அந்தக் காரணி அவ்வளவாகத் தேவையில்லை, ரத்தக் குழாய்க்குள் கட்டி வளரத்தான் அது அதிகம் துணைபோகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் நம்பினார்கள். அதை மட்டும் அடக்கினால் கட்டியும் வராது, கசிவும் குறையும். நம்பிக்கை சரிதானா என்று பார்க்கத்தான் ஆய்வு.

நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அந்த ரகசியம் வேறெங்கோ ஒரு கணினியில் பூட்டிக் கிடந்தது.

ஞானதாசால் தாங்க முடியாத விஷயம் அதுதான்.

"மேடம், முடிவு எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

"நடுவுல ஒரு தடவை பிரிச்சுப் பார்க்கக் கூடாதா?"

"அதுக்குன்னு தனியா ஒரு குழு இருக்கு சார். நீங்களும் அதுல இல்ல, நானும் இல்ல."

"அதுவரைக்கும் பாதிப் பேர் அந்தப் பழைய மாத்திரையைத்தானே முழுங்கணும்?"

"ஆமா."

"எப்படி மேடம் இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க?"

"நீங்க கேட்டுக் கேட்டு, நான் சொல்லிச் சொல்லி, எனக்கு வாய் வலிக்குது சார்."

வாரத்தில் ஒருநாள் ஆய்வு நோயாளிகள் வருவார்கள். ஞானதாஸ் ஒரு மேசையில் உட்கார்ந்து அவர்களை விசாரிப்பார். பக்கத்தில் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் புறம் இசக்கியம்மாள் இருப்பார். கார்த்திகை மாதத்தில் ஒருநாள், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைக் கணினி மூன்றாவது முறையாக விழுங்கிவிட்ட எரிச்சலில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அதனால் தடுப்பைத் தாண்டி வந்த பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது.

முதலில் ஒரு பஸ் டிரைவர்.

"எங்கேயாவது ரத்தம் கசிஞ்சுதா?"

"இல்ல சார்."

"ஈறுல?"

"இல்ல."

"மூக்குல? ஒண்ணுக்குப் போகும்போது? நல்லா யோசிச்சுச் சொல்லும்."

"இல்ல சார்."

"பல் தேய்க்கும்போது? பிரஷ்ல லேசா சிவப்பா?"

டிரைவர் சற்று யோசித்தார். "என்னைக்கோ ஒருநாள் இருந்த மாதிரிதான் இருக்கு."

"அதைச் சொல்லும்" என்றார் ஞானதாஸ். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

அடுத்து மகராசி. பீடி சுற்றுகிறவர். காலை மடக்கி நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே இருந்ததில் காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய், மயிரிழையில் பிழைத்து வந்தவர்.

"வாங்கம்மா, வாங்க. முகமே தெளிவா இருக்கு. ஒண்ணும் இல்லையே?"

"இல்லய்யா."

"நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லாருக்கேன்யா. படியேறினாத்தான் கொஞ்சம் மூச்சு வாங்குது."

"அது நுரையீரல் பழையபடி ஆக நாளாகும்மா. சந்தோஷமா போயிட்டு வாங்க."

இசக்கியம்மாள் எழுந்து இந்தப் பக்கம் வந்தார்.

"சார், மகராசிக்கு எந்த மாத்திரைன்னு நினைக்கிறீங்க?"

ஞானதாஸ் சிரித்தார். "நினைக்கிறது என்ன மேடம், பார்த்தாலே தெரியுதே. ஒரு சொட்டு கசியல. புதுசுதான்."

"டிரைவருக்கு?"

"பழசு. சந்தேகமே இல்ல."

இசக்கியம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மேடம்? புது மருந்து ஜெயிக்கணும்னு நான் ஆசைப்படறது ஒரு தப்பா?"

இசக்கியம்மாள் நேராக வாசலுக்குப் போய், "சிஸ்டர், மகராசி பஸ் ஏறிடாம கூட்டிட்டு வாங்க" என்றார். பிறகு அறை மூலையில் நோயாளிகளைப் பரிசோதிக்கும் இடத்தில் தொங்கிய பச்சைத் திரையைக் காட்டினார்.

"அந்தப் பக்கம் போய் உட்காருங்க சார்."

"எதுக்கு மேடம்?"

"உட்காருங்க. இருமக்கூடக் கூடாது."

ஞானதாஸ் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அறுவை அரங்கில் நாற்பது பேரை ஒரு பார்வையில் நிறுத்திய மனிதர். அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் உட்கார்ந்தார்.

மகராசி மூச்சிரைக்க உள்ளே வந்தார். இசக்கியம்மாள் நாற்காலியைக் காட்டிவிட்டுக் கேட்டார்.

"ரத்தம் எங்கேயாவது போகுதா?"

மகராசி திரும்பி, காலியாக இருந்த ஞானதாசின் இடத்தைப் பார்த்தார். இசக்கியம்மாள் காத்திருந்தார். மேலே மின்விசிறி கறகறத்தது. வெளியே யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். யாரோ எழுந்து போனார்கள்.

"பெரிய டாக்டரையா இல்லியளா?" என்றார் மகராசி.

"இல்ல."

மகராசி முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"வெளிக்குப் போனா கறுப்பாப் போவுது, தாயி. தார் மாதிரி."

"எப்ப இருந்து?"

"தீவாளிக்கு முன்னயே வந்துட்டு. அப்பப்ப நிக்கும். பொறவும் வரும்."

இசக்கியம்மாள் எழுந்து வந்து அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளிறிக் கிடந்தது.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? ஐயா மொகத்தப் பாத்தியளா? பரீச்ச ரிசல்ட்டு பாக்க வந்த பிள்ள மாதிரில்லா நம்ம வாயவே பாத்துக்கிட்டு இருக்காவ. ஒண்ணும் இல்லன்னா அப்படி ஒரு சந்தோசம் அவுகளுக்கு. ஒருக்க வயித்தப் பெரட்டுதுன்னு சொன்னேன். மொகம் அப்படியே வாடிப் போச்சு. பாவம், பொண்டாட்டிய வேற பறிகொடுத்த மனுசன்னு சொல்லுதாவ."

"அதனால?"

"அதனால இல்லன்னுட்டேன்."

"அவர் மனசு குளிரணும்னு உங்க உசிரை வெச்சு விளையாடுனீங்களாக்கும்?" இசக்கியம்மாளின் குரல் உயர்ந்தது. "நீங்க ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நான் யார்கிட்டப் போய் முட்டிக்கிறது?"

"மனசு கேக்கல, தாயி" என்றார் மகராசி.



அன்றே மகராசியை வார்டில் சேர்த்தார்கள். ரத்தத்தில் இருக்க வேண்டிய சத்தில் பாதிதான் இருந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள். ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் ஒரு புண், அதிலிருந்து ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அதை அங்கேயே அடைத்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் வீட்டிலேயே போயிருப்பார் என்றார் குழாய் விட்ட மருத்துவர். விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. முதுகு வலிக்கு மகராசி கடையில் ஏதோ மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தார். அதை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

அந்த நாட்களில் ஞானதாஸ் வீட்டுக்குக் குளிக்க மட்டும் போனார். மகராசியின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கய்யா" என்று மகராசியே சொல்ல வேண்டியிருந்தது.

மகராசி எழுந்து நடக்கத் தொடங்கிய அன்று ஞானதாஸ் இசக்கியம்மாளின் அறைக்கு வந்தார்.

"மேடம், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவங்க எந்த மாத்திரையில இருந்தாங்க?"

"எனக்குத் தெரியாது."

"அவசரம்னா திறந்து பார்க்க வழி இருக்கே."

"இருக்கு. அவங்களுக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்துக்கு அது தேவையா?"

ஞானதாஸ் யோசித்தார். "தேவையில்ல. மாத்திரையை நிறுத்தியாச்சு. புண்ணை அடைச்சாச்சு."

"அப்ப யாருக்குத் தேவை?"



"புதுசா இருந்தா அதுவும் கசிய விடுதுன்னு அர்த்தமா மேடம்?"

"ஒரு ஆளை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அவங்க வலி மாத்திரை வேற தின்னிருக்காங்க. இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சார் என் பிராணனை வாங்குறீங்க?"

ஞானதாஸ் விலகல் கடிதம் எதுவும் எழுதிக் கொண்டுவரவில்லை. வாயாலேயே சொன்னார். "நான் விலகிக்கிடுதேன் மேடம். எனக்கு இது சரிப்படாது. எந்த ஆசையும் இல்லாத ஒருத்தரா பார்த்துப் போடுங்க."

"அப்படி ஒருத்தரை நான் இன்னும் பார்க்கல. ஆசையே இல்லாதவன் எதுக்கு சார் இந்த வெயில்ல இங்க வந்து உட்காரப் போறான்?"

"அப்ப நான் என்ன செய்ய?"

"நீங்க விசாரிச்ச எல்லாரையும் மறுபடி விசாரிக்கணும். நடந்ததை மேலிடத்துக்கு எழுதிட்டேன். இதுவரைக்கும் வந்த பதில்ல எதை எடுக்கிறது, எதை விடுறதுன்னு அவங்க பார்த்துக்கிடுவாங்க. கேட்டது நீங்க, மறுபடி கேட்க வேண்டியதும் நீங்கதான். சிஸ்டர் பக்கத்துல இருப்பாங்க."

ஞானதாஸ் தலையாட்டினார். ஆனால் போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணினித் திரையில் பாதி எழுதிய அறிக்கை காத்திருந்தது. இசக்கியம்மாள் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார்.

"இன்னும் என்ன சார்?"

"எஸ்தருக்கு நான்தான் மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். அறுவை அரங்குல இருந்து நேரா வருவேன். அலுப்பா இருக்கும். மாத்திரையைக் கையில கொடுத்துட்டு, ஒண்ணும் இல்லையேன்னு கேட்பேன். இல்லங்கன்னு சொல்லுவா. தினமும்..."



வெளியே சிஸ்டர் யாரிடமோ டோக்கனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசி வாரம் அவ காலையில எல்லாம் இருட்டுலயே உட்கார்ந்திருந்தா மேடம். லைட்டைப் போட்டா கண்ணை மூடிக்கிட்டா. தூக்கம் பத்தலன்னு நினைச்சேன்." ஞானதாஸ் இசக்கியம்மாள் பக்கம் திரும்பினார். "தலை வலிச்சிருக்கும், இல்ல?"

"இருக்கலாம்."

"நான் வேற மாதிரி கேட்டிருந்தா சொல்லியிருப்பாளா மேடம்?"

இசக்கியம்மாள் கணினியை மூடினார்.

"அதை இனி அவங்ககிட்டக் கேட்க முடியாது சார். கேட்க முடிஞ்சவங்க வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க."