பச்சை விளக்கும் அழுகிய தக்காளியும்

கோயம்புத்தூர் பீளமேட்டில் லாரி புக்கிங் சாப்ட்வேர் கம்பெனி ஒன்று. அதில் தண்டபாணி, குணவதி, லூர்துராஜ் என்று மூன்று மேதைகள். மூளை தேய்ந்துவிடுமே என்று மூவரும் அதைத் தொடாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

வியாபாரியின் கம்ப்யூட்டர் இன்ன தேதிக்கு லாரி வேண்டும் என்று கேட்கும்; இவர்களுடைய ஏபிஐ என்கிற புரோகிராம் அதை வாங்கிக்கொண்டு லாரியை அனுப்பும். எப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும் என்று சொல்ல ஒரு டாக்குமெண்ட். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க முதலாளி ஒரு டூல் வாங்கினார். ஒத்துப்போனால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

"டாக்குமெண்டும் புரோகிராமும் ஒரே மாதிரி இருக்கணும். ஓடறதை மாத்தி உடைச்சு வெச்சிராதீங்க. பச்சையே எரியணும்" என்று சொல்லிவிட்டு முதலாளி சிங்கப்பூர் போய்விட்டார். யாரிடம் சொல்கிறோம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

அன்றே சிவப்பு எரிந்தது. கேட்ட தேதிக்கே லாரி வரும் என்றது டாக்குமெண்ட்; ஆனால் மறுநாள்தான் லாரி போய்க்கொண்டிருந்தது.

"புரோகிராமைச் சரி பண்ணிடலாமா?" என்றாள் குணவதி.

"ஓடறதை மாத்தக் கூடாதுன்னு சொன்னாரேம்மா!" என்று பதறினார் தலைவர் தண்டபாணி.

லூர்துராஜ் டாக்குமெண்டைத் திறந்து, 'கேட்ட தேதிக்கு மறுநாள் லாரி வரும்' என்று எழுதினான். பச்சை எரிந்தது. மூவரும் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள்.

அந்த வாரமே கிணத்துக்கடவு தக்காளி வியாபாரி செங்கோடன், சாறு ஒழுகும் பெட்டியோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, சொன்ன நாளுக்கு லாரி வரலீங்க. லோடு பூராவும் அழுகிப் போச்சு. நாளைக்கு இன்னொரு லோடு ஏத்தோணும். அதுவும் போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதானுங்க." அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"டாக்குமெண்டைப் படிச்சீங்களா?" என்றார் தண்டபாணி.

"இப்பத்தானுங்க படிச்சேன். இனி ஒரு நாள் முன்னாடியே தேதி போட்டுக்கறனுங்க."

"ஐயையோ! அப்படிப் போட்டா லாரி சரியான நாளுக்கு வந்துருமே. அப்புறம் எங்க டாக்குமெண்ட் பொய்யாகாதா?"

மூவரும் கூடிப் பேசினார்கள்.

"டாக்குமெண்ட்படி புரோகிராம் சரி" என்றாள் குணவதி.

"புரோகிராம்படி டாக்குமெண்ட் சரி" என்றான் லூர்துராஜ்.

"அப்போ தப்பு தக்காளி மேலதான்" என்று தீர்ப்பளித்தார் தண்டபாணி.

அதையும் சோதித்துவிடலாம் என்று லூர்துராஜ் ஒரு தக்காளியை லேப்டாப் மேல் வைத்து டூலை ஓட்டினான். பச்சை! தக்காளி நன்றாகத்தான் இருக்கிறது என்று நிரூபிக்க மூவரும் ஆளுக்கொன்று சாப்பிட்டும் காட்டினார்கள்.

செங்கோடன் தலையில் அடித்துக்கொண்டு, தெரிந்த டிரைவருக்குப் போன் போட்டு மறுநாள் லோடுக்கு லாரி பேசி முடித்தார். அதற்குள் மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார்கள்.

"ஆஸ்பத்திரி பக்கந்தானுங்க. வாங்க, என் ஜீப்புல ஏறுங்க" என்றார் அந்த நல்ல மனிதர்.

"வேண்டாங்ணா, நம்ம ஏபிஐல இன்னைக்குத் தேதிக்கே லாரி கேட்டாச்சு" என்று முனகினார் தண்டபாணி.

லாரி மறுநாள் வந்தது. மூவரும் தவழ்ந்தபடி வாசலுக்குப் போய்ப் பார்த்தார்கள். தண்டபாணியின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்.

"பாத்தீங்களா, டாக்குமெண்ட்ல இருக்கற மாதிரியே வந்துருச்சு!"

டிரைவர் கதவைத் திறந்து, சீக்கிரம் ஏறச் சொன்னார்.

"இருப்பா, கேக் வெட்டிட்டு வந்துடறோம்."