இருபது தடவை விழணும்

சைக்கிளின் முன்சக்கரம் ஒரு முழம் எழும்பினாலே இருதயராஜ் கண்ணை இறுக மூடிக்கொள்வார். போன வருஷம், பின்சக்கரத்தில் மட்டுமே ஓட்டும் வீலி அடிக்கப் போய்த்தான் மல்லாக்க விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். "இன்னொரு தடவை கட்டோட வாங்க, சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்றிருந்தாள் மனைவி. சொன்னால் செய்கிறவள்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. வீலி சொல்லிக்கொடுக்கும் குரு நஸீமாவுக்கு இருபத்திரண்டு. ஆனாலும் கோத்தகிரி மைதானத்துக்குள் மவுண்டன் பைக்கை உருட்டிக்கொண்டு வந்துவிட்டால் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று வாரமாக ஒரே கதை. சக்கரம் எழும். பயத்தில் விரல் பின்பிரேக்கை இறுக்கும். சக்கரம் பொத்தென்று இறங்கிவிடும்.

"மாஸ்டர், எதுவரைக்கும் தூக்கினா விழாம நிக்கும்?"

நஸீமா தன் சைக்கிளில் ஏறி நாலு மிதி மிதித்தாள். முன்சக்கரத்தைத் தூக்கினாள், இன்னும் தூக்கினாள், அப்படியே பின்பக்கமாக இறங்கி இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். சைக்கிள் மட்டும் முன்னால் ஓடிப் புல்லில் சாய்ந்தது.

"இப்படி விழுங்கண்ணா. பிரேக் பிடிக்கக் கூடாது. இருபது தடவை."

"விழக் கூடாதுன்னுதானே உங்ககிட்ட வந்தேன்?"

"இருபது" என்றாள் நஸீமா.

முதல் தடவை அவர் மாதாவை நினைத்துக்கொண்டார், பிறகு மனைவியை. கால் தரையில் பட்டபிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தார். நின்றுகொண்டிருந்தார். ஐந்தாவது தடவைதான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு விழுந்தார். அதன்பின் விரல் பிரேக் பக்கமே போகவில்லை. பத்தொன்பது என்று அவரே உரக்க எண்ணினார்.

இருபதாவது தடவை சக்கரத்தைத் தூக்கிவிட்டு, விழக் காத்திருந்தார். விழவில்லை. மிதித்தார். கோல் கம்பம் பின்னால் போனது. கொஞ்சம் அதிகமாகச் சாய்கிறதோ என்று தோன்றியபோது விரல் பிரேக்கை லேசாகத் தொட்டது. சக்கரம் அந்தரத்திலேயே நின்றது. எதிரே மைதானத்துச் சுவர் வந்துவிட்டதால்தான் இறக்கினார்.

வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் போலத் திரும்பி வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர். பத்தொன்பதுதான் ஆச்சு. கடைசி ஒண்ணு விழ முடியல. பிரேக்கை வேற தொட்டுட்டேன்."

நஸீமா புல்லில் கிடந்த தன் சைக்கிளை நிமிர்த்தினாள்.

"பரவால்லங்கண்ணா. அந்த ஒண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும்."